சாட்சிக் குழாய்

கண்டியிலிருந்து பன்விலைக்குப் போகிற பாதையில் ஒரு சின்னப் பட்டணம் இருந்தது. பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் அந்த ஊர்ச் சபையார் கூடி, தங்களுக்கு மானநட்டம் நேர்ந்ததா இல்லையா என்று விசாரிக்க ஒரு கமிட்டி போடுவார்கள். கமிட்டி போடுவதில் அவர்களை மிஞ்ச மலைநாட்டில் ஆள் கிடையாது.

மலேரியாக் காய்ச்சல் ஊரை உலுக்கிவிட்டுப் போன மறு வருஷம், மேலிடத்திலிருந்து சபைக்கு ஒரு கேள்வி வந்தது. குடிதண்ணீர் வேலையிலும் கக்கூஸ் வேலையிலும் உங்கள் ஊரில் கைலஞ்சம் உண்டா? சபை ஒருமனதாக ‘இல்லை’ என்று பதில் எழுதி அனுப்பியது. அனுப்பிய பிறகுதான் சபைத் தலைவர் ராஜலிங்கத்துக்கு யோசனை வந்தது. அவர் கோர்ட்டில் வழக்குப் பேசிப் பேர் வாங்கிய பிரக்கிராசியார். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? ஒழித்துவிட்டோம் என்றல்லவா சொல்ல வேண்டும்? அடுத்த கூட்டத்திலேயே தண்ணீர் நேர்மைக் கமிட்டி பிறந்துவிட்டது. தலைவர் அவரேதான். அங்கத்தவர் இரும்புக்கடை ஹுஸைன் முதலாளி. செயலாளர், தபால் கந்தோரில் பென்சன் வாங்கி ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து மயில்வாகனம்.

கமிட்டிக்கு முத்திரை வந்தது, அரக்கு வந்தது, மேசை மணி வந்தது, பச்சை வெல்வெட் விரிப்பு வந்தது. முறைப்பாடு மட்டும் வரவில்லை. மாதக் கணக்கில் மூன்று பேரும் கூடினார்கள், மணி அடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கலைந்தார்கள். இப்படியே போனால் ஒழிப்பதற்கு ஒன்றுமில்லாமல் கமிட்டியையே ஒழிக்க வேண்டி வருமே என்று மயில்வாகனம் கவலைப்படத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் பளீல் அந்தக் கந்தோர் வாசற்படியில் கால் வைத்தார்.

பளீல் பள்ளிவாசல் ஒழுங்கை என்கிற சந்தின் முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. கடைக்கு முன்னால் ஒழுங்கை முழுவதற்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். கொஞ்ச நாளாக அந்தக் குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. பளீலின் மனைவி றம்லத்துக்கு ஒன்பதாம் மாதம், கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. தேயிலைத் தோட்டத்து எல்லையில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கு மலைச்சரிவில் இறங்கிக் குடம் தூக்கிவர அவளால் முடியாது. இதற்கு முன்பு ஒரு பிள்ளை வயிற்றில் நிற்காமல் போயிருந்தது. இந்தப் பிள்ளை பிறக்கிற வரைக்குமாவது வீட்டில் தண்ணீர் இருக்க வேண்டும். பளீல் கேட்க வந்தது அவ்வளவுதான்.

மயில்வாகனம் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கந்தோரில் யாரும் பளீலை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

“குழாய் திறக்கிற பொன்னையாவுக்கு ஏதும் குடுக்கிறனீரோ?” என்று கேட்டார் மயில்வாகனம்.

பளீலுக்கு ரோசம் வந்துவிட்டது. தன்னைக் கஞ்சன் என்று யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலை அடுப்பில் கொதிக்கிற முதல் கேத்தலை விற்பதில்லை. குழாய் திறக்கிறவர், தெருக் கூட்டுகிறவர், கக்கூஸ் வாளி எடுக்கிறவர் என்று ஒழுங்கைக்கு வேலை செய்கிற எல்லாருக்கும் அது பொது. அவர்கள் குடித்த பிறகுதான் வியாபாரம்.

“என்ன தொரை இப்பிடிக் கேக்கிறீங்க? என்ட கடையில தேத்தண்ணி குடிக்காம பொன்னையா ஒரு நாள் போனதில்ல. பன்னும் குடுப்பேன். மழ பெஞ்சா இஞ்சி தட்டிப் போட்டுக் குடுப்பேன்.”

“அதுக்குக் காசு வாங்கிறனீரோ?”

“அந்த மனுசன்ட்டயா? மனசாட்சி உள்ளவன் வாங்குவானா தொரை?”

மயில்வாகனம் எழுந்து வந்து பளீலின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. காட்டிய இடத்தில் பளீல் கையெழுத்து வைத்தார். தண்ணீருக்கான விண்ணப்பம் என்று நினைத்துத்தான் வைத்தார்.

மறுநாள் காலை மேளதாளம் ஒன்றுதான் குறை. கமிட்டியார் மூன்று பேரும் ஒழுங்கைக்கு வந்து, குழாயின் வாயில் துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார்கள். லஞ்சம் இந்தக் குழாயை முன்னிட்டுக் கைமாறியபடியால் குழாய் இனிமேல் சாட்சிப் பொருள், விசாரணை முடியும்வரை அதைத் தொட்டால் குற்றம் என்று மயில்வாகனம் உரக்க வாசித்தார். குடத்தோடு நின்ற பெண்கள் வாசிப்பைக் கேட்டார்கள், பிறகு பளீலைப் பார்த்தார்கள்.

பொன்னையாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆனால் நிறுத்தி வைக்கப்பட்டவர் தலைமறைவாகிவிடக் கூடாதல்லவா? ஆகவே தினமும் காலையில் வந்து, குழாயடியில் உட்கார்ந்து, தான் அதைத் திறக்கவில்லை என்பதை எல்லாரும் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று கட்டளையானது. அவரும் வந்து உட்கார்ந்தார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பளீலின் அடுப்பு எரிந்தது. முதல் கேத்தல் கொதித்தது. பளீல் கோப்பையை எடுக்கக் கை நீட்டுவார், பிறகு இழுத்துக்கொள்வார். சாட்சிக்காரன் எதிராளிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தால் அது இன்னொரு லஞ்சம் என்று எழுத்தில் வந்திருந்தது.

“நானா, என்னைப் பத்திக் கவலப்படாதீங்க. நான் வீட்டுல குடிச்சிட்டுத்தான் வந்தேன்,” என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார் பொன்னையா. உதடு காய்ந்திருப்பது பளீலுக்குத் தெரியும்.

குற்றம் நடந்த இடம் கடை என்பதால் கமிட்டி கடையிலேயே கூடத் தொடங்கியது. வெல்வெட் விரிப்பு பளீலின் நல்ல மேசையில் ஏறியது. முதல் நாள் கூட்டம் நடுப்பகலைத் தாண்டியபோது மூன்று பேருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. பளீல் பதறிப்போய், வேலைக்காரன் இல்லாததால் தானே பீலியிலிருந்து சுமந்து வந்திருந்த தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார். ராஜலிங்கம் கையைத் தூக்கித் தடுத்தார். லஞ்சத்தை விசாரிக்கிறவர்கள் லஞ்சப் பொருளான தேத்தண்ணீரை வாங்கலாமா என்பது பெரிய சட்டப் பிரச்சினை. தேத்தண்ணீர் ஆறிப்போவதற்குள் அதற்கு முடிவும் கண்டார்கள்.

“நீர் தாறதாயும் இருக்கக்கூடாது, நாங்கள் வாங்கிறதாயும் இருக்கக்கூடாது,” என்று மயில்வாகனம் விளங்கப்படுத்தினார். “மேசையில வைச்சுப்போட்டு அங்கால சுவரைப் பாத்துக்கொண்டு நில்லும். நாங்கள் குடிச்சு முடிய மணி அடிப்பம். அப்ப திரும்பும். விளங்குதோ?”

“காசு, தொரை?”

“காசு தந்தால் யாவாரம் எண்டு ஆகிப்போகும். விசாரணைக்கு வந்த இடத்தில நாங்கள் யாவாரம் செய்யலாமோ?”

பளீல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் பன் கடிபடுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதுதான் நடைமுறை. ஹுஸைன் முதலாளிக்குச் சீனி அதிகம் வேண்டியிருந்தது. அதை நேராகக் கேட்டால் தப்பாகிவிடும் என்று, “இந்தக் காலத்தில தேத்தண்ணியில சீனி போடுற மனுசன் கொறஞ்சிட்டான்,” என்று பொதுப்படையாக வருத்தப்படுவார்.

தண்ணீர் இல்லாமல் ஒழுங்கை தவித்தது. பெண்கள் பீலிக்கும் வீட்டுக்குமாக நடந்து தேய்ந்தார்கள். பக்கத்து வீட்டு உம்மு குல்சும், எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள், ஒரு நாள் கடை வாசலில் குடத்தை இறக்கி வைத்தாள்.

“தேத்தண்ணி குடுத்தா குடுத்ததோட இரிக்கணும் நானா. கந்தோருக்குப் போய்ப் பெரும பேசவா வேணும்? எங்கட புள்ளயளுக்கு மொகம் கழுவத் தண்ணி இல்ல,” என்றாள்.

வியாபாரமும் படுத்துவிட்டது. அவர் கடைக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தால் சாட்சிக்கு இழுப்பார்களோ என்று ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். உள்ளே றம்லத் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். “முறைப்பாட்ட வாபஸ் வாங்கிட்டு வாங்களேன். எனக்குப் பயமா இரிக்கி,” என்று ஒரு நாள் அழுதாள். அந்த அழுகைதான் பளீலை மறுபடி மயில்வாகனத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது.

“வாபஸோ?” மயில்வாகனம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொன்னையா உமக்கு எவ்வளவு தந்தவன்?”

“அவர் என்னத்த தருவார் தொரை? அவருக்கே சாப்பாடு இல்ல.”

“அப்ப ஏன் வாபஸ் வாங்கிறீர்? ஒண்டும் வாங்காமல் ஒருத்தன் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவானோ? அது தனிக் குற்றம்.”

“அப்ப விசாரண முடிஞ்சா சரியாகிரும்தானே?”

“ஓம், முடிஞ்சால் குழாயை விட்டிடுவம். லஞ்சம் நடந்தது எண்டு முடிஞ்சால், குடுத்த நீரும் குற்றவாளி. நடக்கேல்லை எண்டு முடிஞ்சால், பொய் முறைப்பாடு குடுத்த குற்றவாளி.”

“நான் குத்தவாளி இல்லாம இரிக்க ஒரு வழியும் இல்லியா?”

“ஏன் இல்லை? விசாரணை முடியாமல் இருக்குமட்டும் நீர் நிரபராதிதான். அதுக்குத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறம்,” என்றார் மயில்வாகனம். அவர் பரிவோடுதான் சொன்னார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் பளீல் அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் கதவு சாத்தித்தான் இருந்தது.

கமிட்டிக்கு இதற்குள் கை நன்றாகப் பழகிவிட்டது. கக்கூஸ் வேலையையும் சீர்திருத்தினார்கள். வாளி எடுக்கிற வீரையா யார் வீட்டில் முதலில் எடுக்கிறார், யார் வீட்டைக் கடைசிக்குத் தள்ளுகிறார் என்பதில் களவு இருக்கக் கூடாது, எல்லாம் ஊரறிய நடக்க வேண்டும் என்று தீர்மானம். ஆகவே வீரையா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மணி அடித்து, “இன்னார் வீட்டு வாளி எடுபடுது” என்று மூன்று தரம் கூவ வேண்டும். சபையாரின் வீடுகளுக்கு மட்டும், அவர்களுடைய கண்ணியம் கருதி, விதிவிலக்கு. முதல் நாளே ஊர்ப் பெரிய மனிதர்கள் வீரையாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, தங்கள் வாசலுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. வாளி வேலையில் முறைப்பாடே இல்லை என்று கமிட்டி மேலிடத்துக்கு எழுதியது.

பிறகு கண்ணாடிக் கூடு வந்தது. சாட்சிப் பொருளை மூடிவைத்தால் சந்தேகம் வரும், திறந்துவைத்தால் ஆபத்து. கண்ணாடிக்குள் வைத்தால் எல்லாரும் பார்க்கலாம், ஒருவரும் தொட முடியாது. அலுமாரி மாதிரி ஒன்றைத் தேக்கில் செய்து, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, குழாய்க்கு மேல் கவிழ்த்துப் பூட்டினார்கள். திறப்பு விழாவுக்குச் சோடனை கட்டினார்கள். ஊர் கூடியிருந்தது, பெரும்பாலும் வெறும் குடங்களோடு.

ஹுஸைன் முதலாளி முதலில் பேசினார். “இந்தக் கூட்டுக்கு வெல கேட்டது ஆரு? கமிட்டியில நான். வெல சொன்னது ஆரு? கடையில நான். சாமான் சரியா எண்டு பாத்து ஏத்துக்கிட்டதும் நான்தான். நடுவில ஒரு தரகன் வந்தானா? வரல்ல. தரகன் இல்லாத எடத்தில லஞ்சத்துக்கு என்ன வேல?”

கை தட்டினார்கள். அடுத்து ராஜலிங்கம் எழுந்தார். அவருடைய வீடு ஒழுங்கைக்கு மேலே, மேட்டில் இருந்தது. பேசுகிறபோதே அவருக்குப் பின்னால் அவருடைய பூந்தோட்டம் தெரிந்தது. கண்டிப் பக்கத்திலேயே காணாத அந்தூரியம் எல்லாம் அங்கே ஈரம் சொட்ட நின்றன.

“என் தோட்டத்துக்கு இந்த ஒழுங்கைக் குழாயிலிருந்து கிளைக்குழாய் போகிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் மறுத்தேனா? போகிறது. பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வெட்டிப் புதைத்தோம். இருட்டில் செய்தால் அது களவு. பலர் பார்க்கச் செய்தால் அது நிருவாகம். இந்த வேறுபாட்டை மக்களுக்குப் புகட்டத்தான் இந்தக் கண்ணாடி,” என்றார். மறுபடி கை தட்டினார்கள். பளீலும் தட்டினார். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

றம்லத்துக்கு வலி கண்டது ஒரு வியாழக்கிழமை காலையில். கமிட்டி அப்போது கடையில் கூடியிருந்தது. இஞ்சி போட்ட தேத்தண்ணீருக்கும் போடாத தேத்தண்ணீருக்கும் குற்றத்தின் கனத்தில் வித்தியாசம் உண்டா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து மருத்துவிச்சி எட்டிப் பார்த்தாள்.

“பானையில அடி தெரியுது. ரெண்டு குடமாவது வேணும், சுருக்கா. புள்ள தல திரும்பல்ல. என்னால ஒண்டும் சொல்ல ஏலாது,” என்றாள்.

பீலிக்கு இறங்கி ஏற எவ்வளவு நேரமாகும் என்று பளீலுக்குத் தெரியும். அவர் வெல்வெட் மேசை முன்னால் போய் நின்றார்.

“தொரை, என்ட பொண்டாட்டி உள்ள கெடக்கிறா. ஒரு ரெண்டு குடம் மட்டும் தொறந்து தாங்க. பொறகு திரும்ப மூடிக்கோங்க.”

ராஜலிங்கம் மிகவும் வருந்தினார். மூன்று பேருமே வருந்தினார்கள். வருத்தத்தைத் தீர்மானமாகவே எழுதிக்கொண்டார்கள். ஆனால் விசாரணை நிலுவையில் இருக்கும்போது சாட்சிப் பொருளைத் திறக்க அவர்களுக்கே அதிகாரம் இல்லை.

“முடிஞ்சா?” என்றார் பளீல். “இப்ப விசாரண முடிஞ்சா தொறப்பீங்களா?”

“உடனே திறக்க வேண்டியதுதான். ஆனால் எப்படி முடியும்? இன்னும் பன் விஷயமே எடுத்துக்கொள்ளப்படவில்லையே?” என்றார் ராஜலிங்கம்.

“நான் ஒத்துக்கிறேன் தொரை. நான் லஞ்சம் குடுத்தேன். எழுதிக்கோங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்குக் குழாயடியில் இருந்த பொன்னையா ஞாபகம் வந்தது. தான் கொடுத்தவன் என்றால் அவர் வாங்கியவர். வேலை போய்விடும். பளீல் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த சத்தம் பொன்னையாவுக்கும் கேட்டிருந்தது. அவர் எழுந்து கடை வாசலுக்கு வந்து நின்றார்.

“நானும் ஒத்துக்கிறேங்க. தெனமும் வாங்கிக் குடிச்சேன்,” என்றார் மேசையைப் பார்த்து. பிறகு பளீலிடம் மெல்ல, “யோசிக்காதீங்க நானா. பன்விலைப் பக்கம் என் மச்சான் தோட்டத்துல இருக்காரு. போனா வேலைக்குப் பேர் பதிஞ்சுக்குவாங்க. மொதல்ல வீட்டம்மாவப் பாருங்க,” என்றார்.

அந்த மனிதருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் இத்தனை நாள் உட்கார வைத்திருந்தோமே என்று பளீலுக்கு நெஞ்சு எரிந்தது.

கமிட்டி பெரும் சந்தோஷத்தில் இருந்தது. கொடுத்தவனும் ஒப்புக்கொண்டு வாங்கியவனும் ஒப்புக்கொண்ட வழக்கு இலங்கையிலேயே இதுதான் முதலாவதாக இருக்கும் என்றார் ராஜலிங்கம். தீர்ப்பை எழுதினார்கள், வாசித்தார்கள். தலைவருக்கு அங்கத்தவர் நன்றி சொன்னார், அங்கத்தவருக்குச் செயலாளர் நன்றி சொன்னார். உள்ளே றம்லத்தின் குரல் கம்மிக்கொண்டு வந்தது. பளீல் அந்த நன்றிகள் முடியும்வரை கையில் வாளியோடு நின்றார்.

கடைசியில் கூட்டைத் திறந்து, அரக்கை உடைத்தார்கள். புதுக் குழாய்க்காரரை அங்கேயே நியமித்தார்கள். ராஜலிங்கத்தின் தோட்டக்காரனுடைய தம்பி அவர். நேர்மையானவர், தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கமே இல்லை, அவருக்கு எதுவானாலும் கையில் காசாகத் தந்தால் போதும் என்று பின்னால் ஒழுங்கைக்குத் தெரியவந்தது. அவர் திருகினார். குழாய் இருமியது, செங்காவியாய்த் துப்பியது, பிறகு தண்ணீர் கொட்டியது. ஒழுங்கைப் பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ கமிட்டியை வாழ்த்தினார்கள்.

பளீல் வாளியைக் குழாயடியில் வைத்தார். மயில்வாகனம் தன் குடைக் கம்பால் அதை மெல்ல ஒதுக்கினார்.

“நீர் பொறும். தீர்ப்பின்ர கடைசிப் பந்தியை நீர் கவனிக்கேல்லைப் போல. ஒரு குழாயை முன்னிட்டு லஞ்சம் குடுத்ததாக நிரூபிக்கப்பட்டவர், ஒரு வருஷத்துக்கு அந்தக் குழாயில தண்ணி எடுக்கக்கூடாது. வீட்டாரும் எடுக்கக்கூடாது. எடுத்துக் குடுக்கிறவைக்கும் அதே தண்டனைதான்.”

பளீல் அவரைப் பார்த்தார். கோபம்கூட வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய், அதைத் தாண்டி வீட்டுக்குள் போய், பின்கட்டில் நின்றார். இனி பீலிக்கு ஓடினாலும் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் அறைக்குள்ளிருந்து ஒரு சின்ன அழுகை கேட்டது. கேட்டும் அவரால் சிரிக்க முடியவில்லை. “உம்மாவும் உசுரோட இரிக்கிறா. தண்ணி எங்க?” என்று கத்தினாள் மருத்துவிச்சி.

பின்பக்கக் கதவில் யாரோ விரலால் சுண்டினார்கள். பளீல் திறந்தார். உம்மு குல்சும் நின்றாள். இடுப்பில் குடம் நிறைந்து தளும்பியது. முக்காட்டை வாய்வரை இழுத்துப் பிடித்திருந்தாள். சந்தைப் பக்கம் சுற்றி, வாழைத் தோட்டத்துக்குள்ளால் வந்திருந்தாள். பாவாடைக் கரையெல்லாம் சேறு.

“சுருக்கா எடுங்க நானா. ஆரும் கண்டா எனக்கும் தண்ணி இல்லாமப் போகும்,” என்றாள்.

இத்தனை வருஷமாக ஊரார் எல்லாரும் பார்க்க, வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தவர் பளீல். இப்போது வாழை மரங்களுக்கிடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அந்தக் குடத்தை வாங்கி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிள்ளையைக் கழுவியது அந்தத் தண்ணீரில்தான்.